சாலை ஓரத்தை விட்டு ஒரு மீட்டர் உள்ளே வாருங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 43. மடிப்பாக்கத்தில் வீடு, கிண்டி தொழிற்பேட்டையில் கணக்குப் பிரிவில் வேலை. ஜூன் மாதத்திலிருந்து வேளச்சேரி வழியாக சைக்கிளில்தான் போய்வருகிறேன். கியர் சைக்கிள், 700×35 டயர். யாருக்கும் தொந்தரவு தராமல் இடது ஓரத்தை ஒட்டியேதான் ஓட்டுவேன். அப்படியும் இரண்டு மாதத்தில் நாலு பஞ்சர், எல்லாம் பின் சக்கரத்தில். முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடம். மூன்றாவதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. நாலாவது முறை கடைக்காரர் டியூபையே மாற்றிவிட்டார். போன வாரம் விஜயநகர் பக்கம், ஓரமாக நின்றிருந்த காரின் கதவு திடீரென்று திறந்தது. அதில் மோதி ரோட்டில் வலது பக்கமாக விழுந்தேன். உள்ளங்கையில் சிராய்ப்பு, மணிக்கட்டில் இன்னும் வலி இருக்கிறது. கார்க்காரர் மன்னிப்புக் கேட்டு 500 ரூபாய் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து கியர் மாற்றினால் பின்னால் கரகரவென்று சத்தம். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், போகவில்லை. பிரேக் வேறு கீச்சிடுகிறது, மழைக்காலமும் வரப்போகிறது. சைக்கிளை விற்றுவிட்டு ஸ்கூட்டி வாங்கிக்கொள் என்கிறார் கணவர். எனக்கு மனசில்லை. என்ன செய்யலாம்?

– வாசகி, மடிப்பாக்கம், சென்னை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

விற்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பவற்றில் சரிசெய்ய முடியாதது என்று ஒன்றுகூட இல்லை. ஆனால் மற்றதையெல்லாம் பேசுவதற்கு முன்னால் இரண்டு அவசர வேலைகள் இருக்கின்றன.

முதலாவது உங்கள் கை. உள்ளங்கையை ஊன்றி விழுபவர்களுக்குக் கட்டைவிரலின் அடிப்பக்கம் இருக்கும் ஸ்கேபாய்டு என்ற சின்ன எலும்பில் விரிசல் விழுவது சகஜம். வீக்கம் பெரிதாக இருக்காது, வலி மட்டும் போகாமல் இருக்கும். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகவும் வாய்ப்பு உண்டு. அதனால் ஒரு வாரம் ஆகியும் வலிக்கிறது என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். விழுந்த விதத்தை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். ரோட்டில் பட்ட சிராய்ப்பு என்பதால் டிடி ஊசி பற்றியும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அந்தக் கரகர சத்தம். அது எண்ணெய் இல்லாத சத்தம் இல்லை. கியர் மாற்றும் டீரெயிலர் பின் சக்கரத்தின் வலது பக்கத்தில் தொங்குகிறது. நீங்கள் விழுந்ததும் வலது பக்கம். டீரெயிலரை ஃபிரேமோடு சேர்க்கும் ஹேங்கர் என்று ஒரு சின்ன அலுமினியத் துண்டு இருக்கிறது. அடி விழும்போது ஃபிரேம் தப்பிக்கட்டும், தான் வளைந்துகொள்ளலாம் என்பதற்காகவே அதை மெல்லியதாகச் செய்திருப்பார்கள். சைக்கிளுக்குப் பின்னால் குனிந்து நின்று பாருங்கள். டீரெயிலரில் உள்ள இரண்டு குட்டிப் பல்சக்கரங்களும் மேலே உள்ள கியர் பல்லுக்கு நேர் கீழே, ஒரே கோட்டில் தொங்க வேண்டும். அடிப்பகுதி சக்கரத்தின் பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் உள்பக்கம் வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதை ஏன் அவசரம் என்கிறேன் என்றால், பின்னால் இருப்பதிலேயே பெரிய பல்தான் ஸ்போக் கம்பிகளுக்கு மிக நெருக்கத்தில் இருப்பது. மேம்பால ஏற்றத்தில் நீங்கள் அந்தக் கியருக்குப் போகிறீர்கள், வளைந்த டீரெயிலர் ஸ்போக்குக்குள் போய் மாட்டிக்கொள்கிறது, பின் சக்கரம் அப்படியே நின்றுவிடும். பின்னால் பஸ் வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே ஹேங்கரைப் பார்க்கும்வரை ஓட்ட வேண்டாம். கியர் சைக்கிள் வேலை தெரிந்த கடையில் இதை நிமிர்த்த ஒரு நீளக் கம்பி அளவுகோல் வைத்திருப்பார்கள். விரிசல் விட்டிருந்தால் புதிது போட வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஹேங்கரின் வடிவம் வேறு, அதனால் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனால்தான் சரியானது கிடைக்கும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்டது பஞ்சரையோ கதவையோ அல்ல. “இடது ஓரத்தை ஒட்டியேதான் ஓட்டுவேன்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரியைத்தான். உங்களுடைய பஞ்சர்களும் அந்தக் கதவும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்பது என் கணிப்பு.

வேளச்சேரி மெயின் ரோட்டில் ஒரு ஓரமாக நின்று தரையை மட்டும் பாருங்கள். வண்டிகள் ஓடும் தடம் சுத்தமாக இருக்கும். நாள் முழுக்க ஓடும் டயர்களே அதைத் துடைத்துக்கொண்டிருக்கின்றன. துடைத்ததெல்லாம் எங்கே போகும்? இடது ஓரத்தில் இரண்டு மூன்று அடி அகலத்துக்குப் போய் ஒதுங்கும். உடைந்த கார் கண்ணாடித் தூள், கட்டட வேலை நடக்கும் இடங்களிலிருந்து சிந்திய மணல், ஆணி, கம்பித் துண்டு எல்லாம் அங்கேதான். அதோடு மழைநீர் வடிகாலின் இரும்புச் சல்லடை. ரோட்டின் மேல் ரோடு போட்டு உயர்த்தியதில் ஓரத்தில் உண்டான விளிம்பு வேறு. பழைய தாருக்கும் புதுத் தாருக்கும் நடுவில் சில இடங்களில் நாலு விரல்கடை உயரம் இருக்கும். பார்க்கிங் செய்த கார்கள், திடீரென்று ஒதுங்கும் ஆட்டோக்கள், எதிர்த் திசையில் வரும் பைக்குகள் எல்லாமே அங்கேதான். நீங்கள் ஒதுங்கிப் போவதாக நினைத்துக்கொண்டு இத்தனைக்கும் நடுவில் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

எனவே முதல் மாற்றம் இது: ஓரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உள்ளே வாருங்கள். கார்கள் நிற்கும் இடமென்றால் அந்தக் கார்களிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல். கார்க் கதவு முழுசாகத் திறந்தால் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான் நீளும். அந்த எல்லைக்கு வெளியே நீங்கள் இருந்தால், யார் எப்படித் திறந்தாலும் உங்களைத் தொடாது. திறப்பவருக்குக் கவனம் இருக்கிறதா இல்லையா என்பதை நம்பி நீங்கள் ஓட்ட வேண்டியதில்லை.

‘நடு ரோட்டில் ஓட்டுகிறாள்’ என்று உங்கள் வீட்டில் பயப்படுவார்கள். நியாயமான பயம்தான். ஆனால் இது நானாகக் கண்டுபிடித்த வழி அல்ல. நம்மைப் போலவே இடதுபக்கம் ஓட்டும் பிரிட்டனில் 2022-இல் திருத்திய சாலை விதிக் கையேடு, வேகமான சாலையில்கூட ஓரக் கல்லிலிருந்து குறைந்தது அரை மீட்டர் தள்ளியும், நிற்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியும் ஓட்டும்படி சைக்கிள்காரர்களுக்குச் சொல்கிறது. பின்னால் வருபவருடைய பார்வை தனக்கு முன்னால் உள்ள தடத்தில்தான் இருக்கும். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆளை அவர் பார்ப்பதே இல்லை. அந்தத் தடத்தின் இடது பகுதியில் நீங்கள் தெரிந்தால், தள்ளிப் போக வேண்டும் என்று தூரத்திலேயே முடிவு செய்வார்.

அதைவிட முக்கியம் நேர்கோடு. இரண்டு கார்களுக்கு நடுவில் காலி இடம் வந்ததும் உள்ளே ஒதுங்குவது, அடுத்த கார் வந்ததும் மறுபடி வெளியே வருவது, இந்தப் பழக்கம் உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஓரமாக ஓட்டுபவர்கள் எல்லோரிடமும் இருக்கும். இதுதான் உள்ளதிலேயே ஆபத்தானது. உள்ளே போனதும் பின்னால் வருபவரின் கணக்கிலிருந்து நீங்கள் காணாமல் போகிறீர்கள், அவர் நெருங்கியதும் திடீரென்று எதிரில் முளைக்கிறீர்கள். காலி இடம் இருந்தாலும் உள்ளே போகாதீர்கள். ஒரே கோட்டில் போங்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். நம் ஊரில் டூவீலர்கள் இடது பக்கமாகவும் முந்துவார்கள். உள்ளே வந்த பிறகு உங்களுக்கு இடப்பக்கம் ஓர் இடைவெளி இருப்பதால் அங்கேயும் ஒரு பைக் நுழையும். அதனால் இடதோ வலதோ, ஒரு அடி நகர வேண்டும் என்றாலும் தலையைத் திருப்பிப் பார்க்காமல் நகராதீர்கள். வலது கைப்பிடியில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டிக்கொண்டால் பாதிக் கழுத்து வேலை மிச்சம்.

கதவைப் பற்றி இன்னும் ஒன்று. நிற்கும் கார் மட்டும் பிரச்சினை இல்லை. கால் டாக்ஸி ஓரம் கட்டாமல் தடத்திலேயே நிற்கும். அதற்கும் ஓரத்துக்கும் நடுவில் ஒரு சைக்கிள் போகும் அளவுக்கு இடம் இருக்கும், வா வா என்று கூப்பிடும். போகாதீர்கள். பின் சீட்டில் இருப்பவர் இறங்கப்போவது அந்த இடது கதவு வழியாகத்தான், போனில் பணம் அனுப்பி முடித்த கையோடு திறப்பார். ஸ்டாப்பிங்கில் தள்ளி நிற்கும் மாநகரப் பேருந்துக்கும் இதே விதி. நின்ற வண்டியின் இடப்பக்கம் நுழைவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் காத்திருங்கள், அல்லது பார்த்து வலப்பக்கமாகக் கடந்து போங்கள். சிக்னலில் இடதுபக்கம் திரும்ப நிற்கும் பஸ், லாரிக்குப் பக்கத்தில் போய் நிற்கவே கூடாது. திரும்பும்போது அதன் பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டி வரும். ஓட்டுநருக்கு அந்த இடம் கண்ணில் படுவதும் இல்லை.

உங்கள் கணவர் கார் ஓட்டுபவரானால் அவருக்கும் ஒரு சேதி. கதவை எட்ட இருக்கும் கையால் திறக்கப் பழக வேண்டும். நம் காரில் ஓட்டுநர் இடது கையால் திறக்க வேண்டும், இடப்பக்கம் உட்காருபவர் வலது கையால். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருபவர் கண்ணில் படுவார். நெதர்லாந்தில் இது பழைய பழக்கம்.

இப்போது பஞ்சர். ஓட்டை எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். கடைக்காரர் ஒட்டிக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நாம் வந்துவிடுகிறோம். அடுத்த முறை பக்கத்தில் நின்று பாருங்கள்.

முதல் இரண்டும் ஒரே இடத்தில் என்கிறீர்கள். குத்திய பொருள் டயரிலேயே இருந்திருக்கிறது. பெரும்பாலும் அது டயர்க் கம்பியாக இருக்கும். லாரி, கார்களின் ரேடியல் டயருக்குள் மெல்லிய எஃகு இழைகள் பின்னியிருப்பார்கள். டயர் வெடித்துச் சிதறும்போது அவை தலைமுடி பருமனில் துண்டுதுண்டாக ஓரத்தில் கிடக்கும். சைக்கிள் டயரில் ஏறினால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, விரலால் தடவினாலும் தட்டுப்படாது. டியூபை ஒட்டிக் காற்றடித்ததும் இரண்டு நாளில் மறுபடி அதே இடத்தில் குத்தும்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. டயர் மாட்டும்போது டயரில் கம்பெனி பெயர் எழுதியிருக்கும் இடத்தை டியூபின் வால்வுக்கு நேராக வைத்து மாட்டச் சொல்லுங்கள். அடுத்த பஞ்சரில் டியூபை எடுத்து, வால்வுக்கும் ஓட்டைக்கும் எத்தனை சாண் என்று பாருங்கள். டயரில் பெயர் உள்ள இடத்திலிருந்து இரு பக்கமும் அதே தூரத்தில் தேடினால் போதும், முழு டயரையும் துழாவ வேண்டாம். அந்த இடத்தில் டயரின் உள்பக்கத்தைப் பிதுக்கி, கொஞ்சம் பஞ்சால் மெதுவாகத் தடவுங்கள். கம்பி முனை இருந்தால் பஞ்சின் இழை அதில் மாட்டி நிற்கும். கூர்முனை இடுக்கியால் பிடித்து உள்பக்கமாகவே இழுத்துவிட வேண்டும். வெறும் விரலால் வேகமாகத் தடவாதீர்கள், கண்ணாடிச் சில்லாக இருந்தால் விரல் கிழியும்.

மூன்றாவது பஞ்சர் வேறு ரகம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் எதுவும் குத்தவில்லை. காற்று குறைவாக இருந்த டயர் பள்ளத்தின் விளிம்பிலோ, நான் சொன்ன அந்தத் தார் விளிம்பிலோ இடித்திருக்கிறது. டியூப் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கி, ரிம்மின் இரு ஓரமும் இரண்டு இடத்தில் வெட்டிவிட்டன. உட்கார்ந்திருப்பவரின் எடையில் பெரும்பங்கு பின் சக்கரத்தில்தான் இறங்குகிறது, அதனால்தான் உங்களுக்கு எல்லாம் பின்னாலேயே வருகிறது. மருந்து ஒன்றுதான், காற்று. டயரின் பக்கவாட்டில் காற்றழுத்தம் எத்தனை பி.எஸ்.ஐ. முதல் எத்தனை வரை என்று அச்சிட்டிருப்பார்கள். உங்கள் அளவு டயருக்குப் பெரும்பாலும் 50-லிருந்து 75-க்குள் இருக்கும். டயரில் உள்ள எண்ணைப் பார்த்துவிட்டு, அந்த வரம்புக்குள் பின்னால் 60 வாக்கிலும் முன்னால் கொஞ்சம் குறைவாகவும் வைத்துப் பாருங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது ஏமாற்றும், 35-உம் விரலுக்குக் கல் மாதிரிதான் இருக்கும். ஓட்டை இல்லாவிட்டாலும் டியூப் வழியாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டேதான் இருக்கும். அளவுமானி உள்ள ஒரு நின்றபடி அடிக்கும் பம்ப் வாங்கிவிடுங்கள். சைக்கிளுக்காக நீங்கள் வாங்கும் எதையும்விட அது பயன் தரும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அடித்தால் போதும்.

நாலாவது எப்படி என்று தெரியாது, டியூப் கடையோடு போய்விட்டது. இனி பழைய டியூபைக் கேட்டு வாங்கிவாருங்கள். ஓட்டை உள்பக்கம், ரிம்மைப் பார்த்த பக்கம் இருந்தால் ஸ்போக் முனைகளை மூடும் ரிம் டேப் என்ற பட்டை விலகி ஸ்போக் முனை குத்தியிருக்கிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் அதை ஒட்ட முடியாது, டியூபை மாற்றியது சரிதான். வழியில் ஆகிவிட்டால் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருக்காமல் மாற்று டியூபைப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். ஒரு டியூப், டயரை நெம்பிக் கழற்றும் லீவர் இரண்டு, ஒரு கைப்பம்ப் மூன்றும் சீட்டுக்கு அடியில் மாட்டும் சின்னப் பைக்குள் அடங்கிவிடும். பின் சக்கரத்தைக் கழற்றும் முன் செயினைக் கடைசிச் சின்னப் பல்லுக்கு மாற்றிவிடுங்கள், சுலபமாக வரும். வீட்டில் ஒரு முறை செய்து பார்த்துவிட்டால் ரோட்டில் பதற்றம் இருக்காது.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். கொஞ்ச நாளில் பிசின் மாதிரி ஆகி எல்லாத் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்தக் கறுப்புப் பசைதான் செயினைத் தேய்க்கும். பழைய வேட்டித் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுச் செயினைத் துடைத்துவிட்டு, சைக்கிள் செயின் ஆயிலை ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு விடுங்கள். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிவிட்டு வெளியே நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும், எண்ணெய் வேலை செய்வது உள்ளேதான். செயின் ஆயில் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை, அடிக்கடி விட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு அடி ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் வைத்து அளந்தால் 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு சரியாக வர வேண்டும். கால் அங்குலத்தில் கால்வாசி, அதாவது 1/16 அங்குலம் தள்ளி வந்தால் மாற்றுங்கள். இன்னும் தள்ளிப்போட்டால் பின் பல்லும் சேர்ந்து போய்விடும்.

பிரேக் கீச்சிடுவதற்கு நீங்கள் விட்ட எண்ணெய் ரிம்மில் தெறித்ததும் காரணமாக இருக்கலாம். உங்களுடையது ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ரிம்மை சோப்புத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள். பிரேக் கட்டையைக் கழற்றி மேல்பரப்பைப் பாருங்கள், மணலும் பளபளவென்று அலுமினியத் துணுக்குகளும் பதிந்திருக்கும். ஊசியால் நெம்பி எடுத்து, உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மாட்டுங்கள். கட்டையில் உள்ள கோடுகள் மறைந்திருந்தால் புதுசு போடும் நேரம். அப்புறமும் கீச்சிட்டால், கட்டையின் முன்முனை முதலில் ரிம்மைத் தொடும்படி கொஞ்சம் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள், நின்றுவிடும்.

மழையில் இந்தப் பிரேக் உடனே பிடிக்காது. சக்கரம் சில சுற்றுச் சுற்றி ரிம்மில் இருக்கும் தண்ணீர் வழித்துப் போன பிறகுதான் பிடிக்கும். சிக்னலுக்கு வெகு முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் லேசாகத் தொட்டுக்கொண்டு வாருங்கள். மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் ரோட்டில் இரும்புத் தகடு போட்டிருந்தால், அதன் மேல் நேராகப் போங்கள். அங்கே பிரேக்கும் பிடிக்காதீர்கள், திருப்பவும் செய்யாதீர்கள். தேங்கிய தண்ணீரில் ரோடு கண்ணுக்குத் தெரியாவிட்டால் இறங்கிவிடுங்கள். வடிகால் வேலை நடந்த தெருவில் அடியில் என்ன திறந்து கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சக்கர அச்சு மூழ்கும் ஆழம் என்றால் திரும்பிவிடுவதே சரி. தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதையில் மழைநாளில் தண்ணீர் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மின்பெட்டி இருக்கும் தெருவில் தண்ணீரில் காலையே வைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் சில நாள் பஸ்ஸில் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

அந்த 500 ரூபாய் விஷயம் எனக்கு வருத்தமாக இருந்தது. கதவைப் பார்க்காமல் திறந்தது அவர் தவறு, நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை. மோட்டார் வாகனம் ஒவ்வொன்றுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அது உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இருக்கிறது. சைக்கிளுக்கு லைசென்சோ இன்சூரன்சோ தேவையில்லை, அவை இல்லாததால் உங்கள் உரிமை குறையாது. எலும்பு மருத்துவர் முறிவு என்று சொன்னால், கார் எண் உங்களிடம் இருந்தால், காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யச் சட்டத்தில் 6 மாதக் கெடு இருக்கிறது. இனி எப்போதாவது இப்படி நடந்தால் எழுந்ததும் முதல் வேலை நம்பர் பிளேட்டைப் போனில் படம் எடுப்பது. பேச்செல்லாம் அதற்குப் பிறகு. பெரிய அடி என்றால் 108. தமிழ்நாட்டில் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கு அரசின் இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் கட்டணம் கேட்கக் கூடாது. இதை உங்கள் அலுவலகத்திலும் சொல்லி வையுங்கள்.

பாதையைப் பற்றியும் யோசியுங்கள். ஸ்கூட்டிக்குச் சரியான ரோடு சைக்கிளுக்கும் சரியாக இருக்கும் என்றில்லை. வேளச்சேரி வழியை விட்டுவிட்டு புழுதிவாக்கம், ஆதம்பாக்கம் உள்தெருக்கள் வழியாகக் கிண்டிக்கு வந்து பாருங்கள். வேகத்தடைகள் நிறைய இருக்கும், மாடும் நாயும் குறுக்கே வரும், ஆனால் வண்டிகள் மெதுவாகத்தான் போகும். ஹேங்கரைச் சரிசெய்து, கைவலியும் தீர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னால் கிளம்புங்கள். கணவரை ஸ்கூட்டரிலோ பைக்கிலோ பின்னால் வரச் சொல்லுங்கள். ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நீங்கள் நேராக ஓட்டுவது பின்னாலிருந்து எப்படித் தெரிகிறது என்று அவரே பார்க்கட்டும். எந்தத் தெருவில் குழி, எந்தத் திருப்பத்தில் மணல் என்று குறித்துக்கொண்டு வந்தால், திங்கட்கிழமை அலுவலகம் போக அந்தப் பாதையே போதும்.